காலி செய்ய மறுப்பவர்கள்: கலிஃபோர்னியாவில் ஆர்.வி. பார்க், வாடகை வீடு வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பத்து வருஷத்துக்கு மேலாக கலிஃபோர்னியாவின் சென்ட்ரல் வேலியில் ஓர் ஆர்.வி. பார்க்கின் ஆபீஸைக் கவனித்து வருகிறேன். எங்கள் குடும்பத்துக்கு இரண்டு வாடகை வீடுகளும் உண்டு. பே ஏரியாவில் (சான் பிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரத்தில்) வேலை பார்த்துக்கொண்டு இந்தப் பக்கம் வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் தமிழ்க் குடும்பங்கள், பார்க்கில் பங்கு போட்டிருக்கும் நண்பர்கள் என்று வாரம் ஒருவராவது போன் செய்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. நோட்டீஸ் எழுதியும், கோர்ட்டில் உட்கார்ந்தும், சில தடவை தோற்றும் தெரிந்துகொண்டவை இவை. இங்கே சொல்வது கலிஃபோர்னியாவுக்கு மட்டும். டெக்சாஸுக்கும் அரிசோனாவுக்கும் சட்டம் வேறு.

ஆர்.வி. பார்க் என்பது வண்டி நிறுத்தும் இடம்தானே? கிளம்பு என்றால் கிளம்ப வேண்டியதுதானே?

ஆர்.வி. என்பது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கும் வண்டி. பார்க்கில் அந்த வண்டியை நிறுத்த ஒரு துண்டு நிலம், ஒரு கரண்ட் கம்பம், தண்ணீர்க் குழாய், கழிவுநீர் இணைப்பு கொடுக்கிறோம். வண்டி அவருடையது, நிலம் நம்முடையது. அந்த நிலத்துக்குத்தான் வாடகை.

சுற்றுலாக்காரர்களுக்காகத் தொடங்கிய பார்க்குகளில் இன்று பலர் வருஷக்கணக்கில் குடியிருக்கிறார்கள். எங்கள் பார்க்கில் பின்வரிசை வண்டிகளின் டயர்களில் காற்று போய்ப் பல வருஷம் ஆகிறது. சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருக்கிறது, படிக்கட்டு ஓரத்தில் ரோஜாத் தொட்டி இருக்கிறது. அது வீடு. சட்டமும் நாள் போகப் போக அதை வீடாகத்தான் பார்க்கிறது.

எத்தனை நாள் இருந்தால் அவருக்கு உரிமை வந்துவிடும்?

இந்தப் பக்கத்தில் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது இது ஒன்றைத்தான். கலிஃபோர்னியாவில் ஆர்.வி. பார்க்குகளுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. அதில் மூன்று படிகள். 30 நாள் வரை இருப்பவர் வெறும் தங்குபவர். 30 நாளுக்கு மேல் தொடர்ந்து இருந்தால் வாடகைதாரர். ஒன்பது மாதம் ஆகிவிட்டால் குடியிருப்பாளர்.

படி ஏற ஏற உங்கள் கை இறங்கும். தங்குபவர் பணம் கட்டவில்லை, எழுத்தில் கொடுத்த விதிகளை மீறுகிறார் என்றால் 72 மணி நேர நோட்டீஸ். வாடகைதாரரை அனுப்பக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் குறைந்தது 30 நாள் கொடுக்க வேண்டும். குடியிருப்பாளருக்கு 60 நாள், அதோடு சட்டம் பட்டியலிட்டிருக்கும் காரணங்களில் ஒன்று இருக்கவேண்டும். யார் போன் செய்தாலும் நான் முதலில் கேட்பது, "எந்தத் தேதியில் வந்தார்?" என்பதைத்தான். பாதிப் பேருக்குப் பதில் தெரிவதில்லை. பதிவுக் காகிதத்தைத் தேடி எடுத்து வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

இரண்டு மாதமாக வாடகை தரவில்லை. பூட்டை மாற்றிவிடட்டுமா? கரண்டையாவது கட் பண்ணலாமா?

கூடாது. வாடகைதாரரை வெளியேற்றுவதற்காகக் கரண்ட், தண்ணீர், கேஸை நிறுத்தினாலோ, பூட்டை மாற்றினாலோ, கதவைக் கழற்றினாலோ, அவருக்கு ஏற்பட்ட நஷ்டத்தோடு சேர்த்து நாள் ஒன்றுக்கு 100 டாலர் வரை நீங்கள் கொடுக்க நேரும். குறைந்தபட்சத் தொகை 250 டாலர். அவர் உங்களுக்கு எத்தனை மாதம் பாக்கி வைத்திருந்தாலும் இது மாறாது.

ஆர்.வி. பார்க்கில் இந்த ஆசை அதிகம் வரும், ஏனென்றால் பிரேக்கர் கம்பத்திலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒரு ஜூலை மாதம், வெயில் 40 டிகிரியைத் தாண்டிய நாள். எங்களிடம் அப்போது வேலை பார்த்த பையன் பாக்கி வைத்திருந்த ஒருவருடைய பிரேக்கரை இறக்கிவிட்டான். பத்து நிமிஷத்தில் எனக்குத் தெரிந்து ஓடினேன். உள்ளே அந்த மனிதரின் மனைவி ஆக்சிஜன் மெஷினோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பத்து நிமிஷத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. அன்று மாலையே எல்லாக் கம்பங்களுக்கும் மூடி போட்டோம்.

அப்படியானால் போலீஸைக் கூப்பிட்டால் வெளியேற்றுவார்களா?

மாட்டார்கள். வந்து பார்த்துவிட்டு, "இது சிவில் விஷயம், கோர்ட்டுக்குப் போங்கள்" என்பார்கள். அது சரியான பதிலும்கூட.

ஒரே ஒரு விதிவிலக்கு, மேலே சொன்ன முதல் படிக்காரர். 72 மணி நேர நோட்டீஸின் நகலைப் போலீஸுக்கோ ஷெரிஃபுக்கோ (கவுண்டியின் காவல் அதிகாரி) கொடுத்திருந்து, கெடு முடிந்தும் அவர் போகவில்லை என்றால், அவர்கள் வந்து ஆளை இறக்கிவிட, வண்டியைப் பத்திரமான கிடங்குக்கு இழுத்துச் செல்ல வழி இருக்கிறது. அதற்கும் பார்க் வாசலில் இப்படி அகற்றப்படலாம் என்று சொல்லும் பலகை, உள்ளூர்க் காவல்துறையின் போன் எண்ணோடு இருக்கவேண்டும். எத்தனையோ பார்க்குகளில் அந்தப் பலகை வெயிலில் வெளுத்து, எழுத்தே தெரியாமல் நிற்கிறது. நாளைக்கே போய்ப் பாருங்கள்.

மூன்று நாள் நோட்டீஸ் என்கிறார்களே, மூன்று நாளில் போய்விடுவாரா?

போகமாட்டார். அந்த நோட்டீஸ் கோர்ட்டுக்குப் போவதற்கான நுழைவுச்சீட்டு, அவ்வளவுதான். 'வாடகையைக் கட்டு, இல்லையேல் காலி செய்' என்று மூன்று நாள் கெடு கொடுக்கிறீர்கள். அதற்குள் முழுப் பணமும் வந்தால் வாங்கித்தான் ஆகவேண்டும், விஷயம் அங்கேயே முடிந்தது. வராவிட்டால்தான் வழக்கு போடலாம். ஆர்.வி. பார்க் என்றால் இதற்கு முன்னால் இன்னொரு படி: வாடகைத் தேதி தாண்டி ஐந்து நாள் பொறுத்த பிறகே மூன்று நாள் நோட்டீஸ் கொடுக்கலாம்.

மூன்று நாளில் சனி, ஞாயிறு, கோர்ட் விடுமுறை சேராது. வியாழக்கிழமை கையில் கொடுத்தால் வெள்ளி ஒன்று, திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று. புதன்கிழமைதான் வழக்கு. செவ்வாய்க்கிழமையே ஓடினால் வழக்கு தள்ளுபடியாகும், மறுபடி முதலிலிருந்து.

தொகையில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நோட்டீஸில் வாடகை மட்டும் எழுதுங்கள். லேட் ஃபீ, உடைந்த ஜன்னல், செக் திரும்பிய கட்டணம் எதையும் சேர்க்காதீர்கள். உண்மையான பாக்கியைவிடக் கூடுதலாகக் கேட்டிருந்தால் நோட்டீஸே செல்லாமல் போகலாம். ஒரு வருஷத்துக்கு முந்தைய பாக்கியையும் அதில் கேட்க முடியாது. யாரிடம், எந்த முகவரியில், எந்த நாள், எந்த நேரம் பணம் கட்டலாம், போன் எண் என்ன என்பதெல்லாம் இருக்கவேண்டும்.

நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீல டிக் கூட வந்துவிட்டது. போதாதா?

போதாது. நேரில் கையில் கொடுப்பது முதல் வழி. அவர் இல்லையென்றால் வீட்டிலோ வேலையிடத்திலோ இருக்கும் விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு நகலைத் தபாலிலும் அனுப்ப வேண்டும். யாருமே இல்லையென்றால் கதவில் ஒட்டிவிட்டுத் தபாலில் அனுப்புவது. ஒட்டினால் தேதியோடு போட்டோ எடுங்கள். கொடுத்தவர் யார், எப்போது, எப்படி என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். கோர்ட்டில் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

கெடு முடிந்த பிறகு பாதி வாடகையை நீட்டுகிறார். வாங்கிக்கொள்ளலாமா?

வாங்கினால் அந்த நோட்டீஸை நீங்களே கிழித்துப் போட்ட மாதிரி. வீட்டு வாடகையில் கெடு முடிந்தபின் பணம் வாங்குவதை, 'சரி, இருந்துகொள்' என்று சொன்னதாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். மறுபடி புது நோட்டீஸ்.

இந்தக் காலத்தில் பணம் தானாகவே வந்து விழுகிறது, அதுதான் சிக்கல். நண்பர் ஒருவர் வழக்கு போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார். மாதம் ஒன்றாம் தேதி வாடகைதாரர் 400 டாலரை ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் ஆப்பில் அனுப்பினார். நண்பர் கவனிக்கவே இல்லை. மூன்று வாரம் கழித்து நீதிபதி முன்னால் அந்த ஸ்கிரீன்ஷாட் வந்தது, வழக்கு போயிற்று. நோட்டீஸ் கொடுத்த அன்றைக்கே ஆன்லைன் வாடகை வழியை மூடுங்கள். மீறி வந்தால் அன்றே திருப்பி அனுப்பி, ஏன் திருப்பினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

வாடகை சரியாக வருகிறது. ஆனால் ராத்திரி முழுக்கச் சத்தம், சண்டை, பக்கத்தில் இருப்பவர்கள் காலி செய்கிறார்கள். என்ன செய்வது?

பார்க்கில் ஒன்பது மாதம் ஆகாதவர் என்றால் எளிது, காரணமே எழுதாமல் 30 நாள் நோட்டீஸ். ஒன்பது மாதம் தாண்டியவர் என்றால், மற்றவர்களுக்குப் பெரும் தொந்தரவு கொடுப்பது, விதிமீறல் போன்ற சட்டக் காரணம் ஒன்று வேண்டும். வீடு என்றால், திருத்தக்கூடிய தவறுக்கு முதலில் திருத்த அவகாசம் தரவேண்டும். அக்கம்பக்கத்தாருக்கு உண்மையான உபத்திரவம், போதை மருந்து வியாபாரம் போன்றவற்றுக்குத் திருத்த அவகாசம் இல்லாத மூன்று நாள் நோட்டீஸ் உண்டு.

'ரொம்பத் தொல்லை' என்று எழுதினால் எங்கும் நிற்காது. நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். "மார்ச் 9, இரவு 1:40, 14ஆம் எண் இடம், ஜெனரேட்டர், 15ஆம் எண்காரர் வந்து சொன்னார்" என்று அன்றன்றைக்கு எழுதுவது வழக்கம். பக்கத்துக்காரர் கோர்ட்டுக்கு வந்து சொல்வாரா என்றும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். போனில் கோபமாகப் பேசும் பலர் சாட்சி சொல்ல வரமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. குழந்தைகள் ஓடி விளையாடும் சத்தத்தை உபத்திரவக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதற்காகப் பாகுபாடு காட்டுவது நாடு முழுவதும் தடை. மனநலத்துக்காக டாக்டர் கடிதத்தோடு வைத்திருக்கும் நாயையும் 'செல்லப்பிராணி கூடாது' விதியால் விரட்ட முடியாது.

ஊரில் மாதிரி 11 மாத அக்ரிமென்ட் போட்டால் தப்பிக்கலாமா?

ஊரில் 11 மாதம் என்பது பத்திரப் பதிவைத் தவிர்க்க வந்த பழக்கம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்பதால் அப்படி. இங்கே கோர்ட் பார்ப்பது காகிதத்தின் நீளத்தை இல்லை, ஆள் தொடர்ந்து எத்தனை மாதம் இருந்தார் என்பதை. 11 மாத அக்ரிமென்ட்டை இரண்டு தடவை போட்டாலும் அவர் 22 மாதம் இருந்தவர்தான்.

பார்க்குகளில் இதன் தம்பி ஒன்று உண்டு. ஒன்பது மாதம் ஆவதற்குள் ஆளை இரண்டு நாள் வெளியே போகச் சொல்லி, மறுபடி புதிதாகப் பதிவது. உரிமை வராமல் தடுப்பதற்காகவே அப்படிச் செய்வது கலிஃபோர்னியாவில் சட்டவிரோதம். வயதானவர்களைச் சாமானோடு அலையவிடும் வேலை அது, சட்டம் தடுக்காவிட்டாலும் செய்யக்கூடாது.

வீட்டில் இருப்பவர் ஒரு வருஷம் தாண்டிவிட்டார். காரணம் சொல்லாமல் அனுப்பவே முடியாதா?

2019இல் வந்த வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, 12 மாதம் இருந்துவிட்டால் நியாயமான காரணம் வேண்டும். வாடகை தராதது, ஒப்பந்த மீறல் போன்றவை அவர் பக்கத் தவறு. நீங்கள் குடிவருவது, வீட்டை வாடகைச் சந்தையிலிருந்தே எடுப்பது போன்றவை அவர் தவறில்லாதவை. இரண்டாவது வகைக்கு ஒரு மாத வாடகையை நீங்கள் அவருக்குக் கொடுக்க வேண்டும், அல்லது கடைசி மாத வாடகையை விட்டுக்கொடுக்க வேண்டும்.

தனி வீடு, காண்டோ (சொந்தமாக வாங்கிய ஃப்ளாட்), உரிமையாளர் தனிமனிதர் என்றால் விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கைச் சொல்லும் வாசகம் வாடகைதாரருக்கு எழுத்தில் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒரு பத்தியை அக்ரிமென்ட்டில் சேர்க்காததால் விலக்கை இழந்தவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கு பேர். கட்டி 15 வருஷம் ஆகாத கட்டடத்துக்கும் விலக்கு உண்டு. விலக்கு இருந்தாலும், ஒரு வருஷம் இருந்தவருக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுக்கத்தான் வேண்டும். சான் பிரான்சிஸ்கோ, ஓக்லண்ட், சான் ஹோசே, லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களுக்குச் சொந்த விதிகள் உண்டு, அவை இன்னும் இறுக்கமானவை.

அப்பா அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள். அவர்களுக்கு வீடு வேண்டும் என்று காலி செய்யச் சொல்லலாமா?

பெற்றோருக்காகக் கேட்கலாம், சட்டத்தில் அவர்களும் உண்டு. ஆனால் 2024 ஏப்ரல் முதல் விதி கடுமை. வீடு காலியான 90 நாளுக்குள் அவர்கள் குடிவர வேண்டும், அதையே முதன்மை வீடாக வைத்துக் குறைந்தது 12 மாதம் இருக்க வேண்டும். விசிட்டர் விசாவில் வருபவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது ஆறு மாதம். கணக்கு எங்கே உதைக்கிறது என்று புரியும். கிரீன் கார்டில் வந்து தங்கப்போகிறார்கள் என்றால் வேறு விஷயம். அப்போதும், 2020 ஜூலைக்குப் பிறகு போட்ட அக்ரிமென்ட் என்றால், இப்படிக் கேட்கும் உரிமை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும், அல்லது வாடகைதாரர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும்.

வீடு எங்கள் எல்.எல்.சி. பெயரில் இருக்கிறது. நானே கோர்ட்டில் பேசலாமா?

முடியாது. தனிமனிதர் தன் வழக்கைத் தானே நடத்தலாம். எல்.எல்.சி. என்பது சட்டத்தின் கண்ணில் தனிக் கம்பெனி, அதற்கு வக்கீல் கட்டாயம், நீங்கள் ஒருவரே அதன் முழு உரிமையாளராக இருந்தாலும்.

கோர்ட்டுக்குப் போனால் எத்தனை நாள் ஆகும்?

வழக்கு போட்டுச் சம்மன் கொடுத்ததும், பதில் சொல்ல அவருக்குப் பத்து வேலைநாள். 2025 ஜனவரிக்கு முன் அது ஐந்தாக இருந்தது, பழைய கணக்கை நம்பாதீர்கள். பதில் வராவிட்டால் விசாரணை இல்லாமலே தீர்ப்புக் கேட்கலாம். பதில் வந்தால் தேதி கேட்டு மனுப் போடுகிறீர்கள், பொதுவாக 20 நாளுக்குள் விசாரணை. ஜெயித்தபின் கோர்ட் ஆணை ஷெரிஃபிடம் போகும். ஷெரிஃப் ஐந்து நாள் கெடு ஒட்டி, அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் வந்து ஆளை வெளியேற்றுவார். அன்றுதான் நீங்கள் பூட்டைத் தொடலாம். எதிர்ப்பில்லாமல் போனாலே ஒன்றரை மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சம்மன் கொடுக்கும்போது, பெயர் தெரியாத வேறு யாராவது உள்ளே குடியிருந்தால் அவர்களுக்கான படிவத்தையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஷெரிஃப் வரும் நாளில் ஒரு மச்சான் வெளியே வந்து, "நானும் இங்கேதான் இருக்கிறேன், எனக்கு யாரும் சொல்லவில்லை" என்பார்.

"கூரை ஒழுகுது, அதனால்தான் வாடகை தரலை" என்கிறார். அது செல்லுமா?

செல்லும், உண்மையாக இருந்தால். வீடு வாழத் தகுந்ததாக இல்லை என்பதை வெளியேற்ற வழக்கில் எதிர்வாதமாக வைக்கலாம் என்று 1974இலேயே கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸ் எழுதுவதற்கு முன் வீட்டை ஒருமுறை அவர் கண்ணால் பாருங்கள். ஹீட்டர், கூரை, எலி, வெந்நீர். சரிசெய்த பில்லை வையுங்கள்.

நகராட்சியில் புகார் கொடுத்தவருக்கு அடுத்த வாரமே நோட்டீஸ் கொடுத்தால் பழிவாங்குவதாகப் பார்ப்பார்கள். புகாருக்குப் பின் 180 நாளுக்குள் எடுக்கும் நடவடிக்கைக்கு, பழிவாங்கவில்லை என்று உங்களால் விளக்க முடிய வேண்டும்.

கோர்ட்டுக்குப் போவதைவிட ஒரு தொகை கொடுத்துக் காலி செய்ய வைக்கலாம் என்கிறார்களே. நமக்குப் பாக்கி வைத்தவருக்கு நாமே பணம் கொடுத்துக் கிளப்புவது என்ன நியாயம்?

எனக்கும் முதலில் வயிறெரிந்தது. பிறகு கணக்குப் போட்டேன். வக்கீல், கோர்ட் கட்டணம், இரண்டு மாத வாடகை இழப்பு, அதற்கிடையில் வீட்டுக்கு வரும் சேதம். அவருக்கோ புது இடத்துக்கு டெபாசிட் கட்டக் கையில் காசு இல்லை என்பதுதான் பல நேரம் உண்மையான தடை. தேதி, தொகை, சாவி ஒப்படைப்பது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வீடு காலியாக இருப்பதைப் பார்த்துச் சாவியை வாங்கிய பிறகு பணத்தைக் கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

ஷெரிஃப் வந்து போய்விட்டார். வண்டியும் சாமானும் அப்படியே கிடக்கிறது. தூக்கிப் போடலாமா?

கூடாது. விட்டுப்போன சாமானுக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, நேரில் கொடுத்தால் 15 நாள், தபாலில் என்றால் 18 நாள் காத்திருக்க வேண்டும். 700 டாலருக்கு மேல் பெறும் என்று தோன்றினால் பொது ஏலம். ஆர்.வி. என்றால் இன்னும் கவனம்: அது யார் பெயரில் இருக்கிறது, கடன் கொடுத்த வங்கி எது என்று பாருங்கள், இதற்கு மட்டுமாவது வக்கீலைக் கேளுங்கள். போட்டோ ஆல்பம், மருந்து, சாம்பல் கலசம் போன்றவற்றை நான் தனிப் பெட்டியில் எடுத்து வைத்து, போன் செய்து சொல்லிவிடுவேன்.

பாக்கி வாடகை திரும்பக் கிடைக்குமா?

ஆளை வெளியேற்றும் வழக்கைச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் போட முடியாது. ஆனால் போனபின் பாக்கியை அங்கே கேட்கலாம், தனிமனிதருக்கு 12,500 டாலர் வரை. டெபாசிட்டில் கழித்தால் 21 நாளுக்குள் கணக்கு அனுப்பிவிடுங்கள். தீர்ப்பு கிடைப்பது சுலபம், காசு வருவது சிரமம்.

அக்கா, எட்டு வருஷமாக இருக்கும் வயசானவர். மாதா மாதம் தாமதம். சட்டப்படி அனுப்பலாம், ஆனால் மனசு வரவில்லை. வேறு வழி இருக்கிறதா?

முதலில் அவருக்குப் பணம் எந்தத் தேதியில் வருகிறது என்று கேளுங்கள். சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன் பலருக்கு மாதத்தின் இரண்டாவது, மூன்றாவது அல்லது நான்காவது புதன்கிழமைதான் வரும், பிறந்த தேதியைப் பொறுத்து. வாடகை ஒன்றாம் தேதி என்றால் அவர் சாகும்வரை தாமதமாகத்தான் கட்டுவார். எங்கள் பார்க்கில் இப்படி ஒருவருக்கு மூன்று தடவை மூன்று நாள் நோட்டீஸ் ஒட்டியிருந்தோம். நான்காவதை ஒட்டப் போனபோது அவர் கதவைத் திறந்து, உள்பக்கம் காந்தத்தில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டினார். மூன்றாவது புதன்கிழமைகள் எல்லாம் சிவப்பு வட்டம் போட்டிருந்தன. வாடகைத் தேதியை மாதம் 22க்கு மாற்றி, ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

பணமே போதவில்லை என்றால் 211 என்ற எண்ணுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள், வாடகை உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். ஆங்கிலமும் காகிதமும் பழகாதவர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே போட்டுக் கொடுங்கள், அரை மணி நேரம் ஆகும். அந்த 22ஆம் தேதிக்காரர் இன்னமும் 7ஆம் எண் இடத்தில்தான் இருக்கிறார். செக்கை 21ஆம் தேதி மாலையே ஆபீஸ் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போகிறார்.